கொடுக்கு

வலையில் சிக்கிய நண்டு
இழுத்தால் வராது.
இழுத்தால் கொடுக்கு மட்டும் வரும்.
நண்டு இன்னும் இறுக்கமாய் உள்ளே போய்
நம்மைப் பார்க்கும்.

கொடுக்கு போன நண்டுக்குக் கம்பெனியில் பாதி விலை.
சந்தியாகு அண்ணன் கூலியில் பிடித்துக்கொள்வார்,
பிடித்ததைச் சொல்லவும் மாட்டார்.

காரங்காட்டுத் துறையில் விடிகாலை ஐந்து மணி.
அலையாத்திக்குப் பின்னால் இன்னும் வெளுக்கவில்லை.
கொட்டகைக்குள் ஒற்றை பல்பு.
வலையின் அந்தத் தலைப்பில்
என் கொழுந்தன் பொண்டாட்டி பிரகாசி,
இந்தத் தலைப்பில் நான்.
நடுவில் முப்பது பாகம் நைலான்,
பதினோரு நாள் பேச்சில்லாமை.

எங்கள் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
அன்றைக்கு ஆறாவது நாள்.
என் குடத்துக்கு முன்னால் அவள் குடம் இருந்தது,
அவ்வளவுதான் நடந்தது.
நான் ஒரு சொல் சொன்னேன்.
கல்யாணமாகி ஒன்பது வருஷம்
மாதாமாதம் காத்திருந்தவளிடம்
எதைச் சொல்லக் கூடாதோ அதை.
இங்கே அதை மறுபடி எழுதப் போவதில்லை.
வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்கள்கூடக் கேட்டன.
பாதி நிரம்பிய குடத்தோடு
அவள் போனாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.
சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்.
ஐந்தாகவே சொன்னேன்.
மாதாவுக்கு அது போதும்.
ஆனால் அன்றைக்குத் தண்ணீருக்கு நின்றது
மாதா இல்லையே.

அவளிடம் என்ன சொல்வதென்று
உலை கொதிக்கும்போது ஒத்திகை பார்த்தேன்.
வெயில் என்று சொல்லலாம்,
வீட்டில் சண்டை என்று சொல்லலாம்,
நீயும்தான் அன்றொரு நாள், என்று
ஆரம்பிக்கலாம்.
முதல் நண்டில் கை வைத்தபோதும்
அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.
டக்.
கையில் ஒரு நீலக் கொடுக்கு.
உடம்பைவிட்டு வந்த பிறகும்
அது என் கட்டைவிரலைக்
கவ்விக்கொண்டிருந்தது.

அப்புறம் நண்டை மட்டும் பார்த்தேன்.
எந்தக் கண்ணி எந்தக் காலில்,
எது மேலே போன நூல், எது கீழே.
கடைசியாய்ச் சிக்கிய கால்தான் முதலில் விடும்.
நூலை அது வந்த வழியே
திருப்பி அனுப்ப வேண்டும்.
ஒன்று. இன்னொன்று.
கூடையில் விழுகிற சத்தத்தை எண்ணவில்லை.
தலை நிமிர்ந்தபோது
பல்பு வெளிச்சம் தேவைப்படாமல் போயிருந்தது,
பிரகாசி பத்து பாகம் தள்ளி இருந்தாள்.

அவள் கை நின்றிருந்தது.
சினை நண்டு.
மடிப்புக்கு வெளியே தள்ளிய முட்டைக் கொத்து
மஞ்சளாய் இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.
இது கறுத்துவிட்டது. இன்றோ நாளையோ.

மற்றதற்கு ஒரு நிமிஷம் என்றால்
இதற்கு ஆறேழு எடுத்தாள்.
நாகூர்கனியின் வண்டி வந்து ஹாரன் அடித்தது.
"எடை நிக்கும் பிள்ளை, கூடையில போடு"
என்றார் சந்தியாகு அண்ணன்.
அவள் காதில் வாங்கவில்லை.
வலையில் ஒரு நூலை அறுத்தாள்,
நண்டில் ஒரு காலை அறுக்கவில்லை.
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி
சேலை நனைய முழங்கால் தண்ணீருக்குப் போய்
குனிந்து விட்டாள்.

விட்ட பிறகும் நின்றாள்.
எனக்கு முதுகுதான் தெரிந்தது.

அவள் திரும்பி வருவதற்குள்
அவள் பங்கில் நாலு பாகம் கழித்து வைத்தேன்.
பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
நன்றாகக் கழித்திருக்கிறேனா என்று
தூக்கிப் பார்த்தாள், அதுவும் சரிதான்.

கடைசி நண்டு நடுவில்,
என் பக்கத்து நூலிலும்
அவள் பக்கத்து நூலிலும் சிக்கி.
நான் நூலைத் தளர்த்திப் பிடித்தேன்.
"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பிரகாசி."
ஒத்திகை பார்த்த எதுவும்
அதில் இல்லை.

"கையை அசைக்காத" என்றாள்.

அசைக்கவில்லை.
வண்டி இரண்டாம் தடவை ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.